அடுத்த பாகம் வரப்போறது தெரியும்ல, அப்புறம் எதுக்கு இஎம்ஐ?



2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை காலை. இங்க திருவண்ணாமலையில தீபம் ஏத்தி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மலை உச்சியில கொப்பரை இன்னும் கீழ இறங்கல, ஊருக்குள்ள கூட்டமும் முழுசா குறையல. ஏழு மணி இருக்கும், சித்தி மகன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ லிங்க். கீழ நாலு வார்த்தை: "அண்ணா, வந்துடுச்சு. டிவினிட்டி. லேரியன்."

அமெரிக்காவுல நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் ஸ்டுடியோஸ் தன்னோட அடுத்த கேமை அறிவிச்சிருந்தாங்க. 2023-ல 'பால்டர்ஸ் கேட் 3' கொடுத்து உலகம் முழுக்க தூக்கத்தைக் கெடுத்த அதே ஆட்கள். இது அவங்களோட பழைய டிவினிட்டி தொடரோட அடுத்த கதை, முறைவைத்து ஆடுகிற ரோல்-பிளேயிங் கேம். ரிலீஸ் தேதி சொல்லல.

கேமுக்கும் சிஏவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. போன தடவை இவன் இந்தக் கம்பெனியோட கேமுக்காக ஒரு லேப்டாப் வாங்கினான். அது எங்க சித்தியோட வளையல் வரைக்கும் போச்சு. எழுதட்டுமான்னு அவன்கிட்ட கேட்டேன். "பேர் மட்டும் போடாதீங்கண்ணா, மத்ததெல்லாம் எழுதுங்க"ன்னான். எழுதுறேன்.

முதல்ல, கேம் ஆடாதவங்களுக்கு ரெண்டு வரி. முறைவைத்து ஆடுறதுன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம தாயம்தான். நான் உருட்டுறேன், நகர்த்துறேன். அப்புறம் உன் முறை. நீ யோசிக்கிற வரைக்கும் ஆட்டம் காத்திருக்கும். பால்டர்ஸ் கேட் 3-ல இருபது பக்கப் பகடை ஒண்ணு திரையிலேயே உருளும். ஒரு காவலாளிகிட்ட பொய் சொல்லித் தப்பிக்கணுமா? உருட்டு. விழுந்தா பொழைச்ச, விழலைன்னா வாளை எடு. இதெல்லாம் ஒரு பெரிய கதைக்குள்ள நடக்குது. நீங்க எடுக்கிற முடிவைப் பொறுத்து கூட வர்றவங்க உங்களை நம்புவாங்க, கைவிடுவாங்க, சாகவும் செய்வாங்க. கதை தொடங்கும்போது நாயகன் தலைக்குள்ள ஒரு புழுவை விட்டுடுவாங்க, அதை எடுக்கத்தான் அத்தனை அலைச்சல். மாசம் அஞ்சாம் தேதி ஆனா இஎம்ஐ நினைப்பு மண்டைக்குள்ள குடையுற நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கதை சுலபமா புரியும்.

பால்டர்ஸ் கேட் பழைய பெயர். முதல் பாகம் 1998-ல, ரெண்டாவது 2000-ல. ரெண்டும் செஞ்சது கனடாவோட பயோவேர். அதுக்கப்புறம் மூணாவது பாகம் வர 23 வருஷம் ஆச்சு. வந்ததும் வேற கம்பெனிகிட்ட இருந்து, வேற ஆட்ட முறையில. பழைய ரெண்டுலயும் சண்டை ஓடிக்கிட்டே இருக்கும், நடுவுல நிறுத்திக்கலாம். லேரியன் அதை முறைவைத்து ஆடுறதா மாத்தினாங்க. பழைய ரசிகர்கள் சிலர் அப்ப சண்டைக்கே வந்தாங்க. எனக்குத் தாயம்தான் பிடிக்கும், அதனால நான் லேரியன் பக்கம்.

இப்ப தம்பி கதைக்கு வரேன். அவன் சென்னையில இருக்கிற ஒரு ஐடி கம்பெனிக்கு இங்க வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறான். 2023-ல கைக்கு வந்த சம்பளம் 34,000. சித்தப்பாவுக்கு சன்னதித் தெரு பக்கம் பூக்கடை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி பால்டர்ஸ் கேட் 3 ரிலீஸ். அவன்கிட்ட இருந்த ஆபீஸ் லேப்டாப்புல அது ஓடாது. ரிலீஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி கடைக்குப் போனான். 1,20,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப், கிரெடிட் கார்டுல 12 மாச 'நோ காஸ்ட்' இஎம்ஐ. மாசம் 10,000. கடைக்காரர் காபி எல்லாம் வாங்கிக் கொடுத்தாராம்.

நவம்பர் கடைசியில தீபம். டிசம்பர்ல சித்திக்குக் கண் ஆபரேஷன், 38,000 ரூபாய். கையில காசு இல்ல, அதே கார்டுல தேய்ச்சான். ஜனவரி ஸ்டேட்மென்ட் வந்தப்ப முழுத் தொகையும் கட்ட முடியல. 'மினிமம் டியூ' மட்டும் கட்டினான். பிப்ரவரியும் அப்படியே. மார்ச், ஏப்ரல், மே.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சித்தப்பா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனா பஞ்சாயத்து. "இந்த கேம் எழவுதான் குடும்பத்தைக் கெடுக்குது. ரம்மி ஆடி எத்தனை பேர் செத்தான்னு பேப்பர்ல பார்க்கிறோம்ல. இவனும் அப்படித்தான் போகப்போறான்"னு சத்தம். தம்பி சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். சித்தி அடுப்படியில இருந்து வெளிய வரவே இல்ல.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஸ்டேட்மென்ட்டை எடுடா."

பூக்கடை பில் புக்குல பின்பக்கம் கணக்கு போட்டோம். கேமோட விலை சுமார் 3,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி அதுக்குள்ளயே அடக்கம். அதுவரைக்கும் அவன் ஆடினது 210 மணி நேரம், ஸ்டீம்லயே காட்டுது. மணிக்கு 14 ரூபாய் சொச்சம். "சித்தப்பா, போன மாசம் குடும்பத்தோட ஒரு படம் போனோம், ரெண்டரை மணி நேரம். பாப்கார்னோட சேர்த்து ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னேன். பதில் இல்ல.

ரம்மியைப் பத்தியும் அன்னைக்கே சொல்லிட்டேன், இங்கயும் சொல்லிடுறேன். ஏன்னா உங்க வீட்டுலயும் இந்தக் குழப்பம் இருக்கும். காசு கட்டி, ஜெயிச்சா காசு எடுக்கிற ஆட்டம் வேற. அதைத் தடுக்க தமிழ்நாட்டுல 2023-லயே சட்டம் வந்தது, 2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்க மத்திய அரசோட சட்டமும் வந்துடுச்சு. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கி, வீட்டுல உட்கார்ந்து ஒரு கதையை ஆடுறது வேற. இதுல ஜெயிச்சாலும் ஒரு பைசா வராது, தோத்தாலும் ஒரு பைசா போகாது. அப்பா அம்மாகிட்ட இதை ஒரு தடவை பொறுமையா உட்கார வச்சு சொல்லுங்க. "உங்களுக்குப் புரியாது"ன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திக்காதீங்க.

அப்ப காசு எங்க போச்சு?

38,000 ரூபாய்க்கு அவன் கார்டுல மாசம் 3.5% வட்டி. 1,330. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 240. ஆக மாசம் 1,570 வட்டிக்கே போகுது. அந்த 38,000-க்கு மினிமம் டியூன்னு அவன் கட்டினது சுமார் 2,000. அசல் குறைஞ்சது மாசம் நானூத்திச் சொச்சம். அஞ்சு மாசத்துல ஏறக்குறைய 7,700 ரூபாய் வட்டியும் ஜிஎஸ்டியுமா போயிருக்கு, அசல் இன்னும் 35,000-க்கு மேல அப்படியே நிக்குது. அந்த 7,700-க்கு ரெண்டு பால்டர்ஸ் கேட் வாங்கியும் மீதி இருக்கும். அது மட்டும் இல்ல, பழைய பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற மளிகைக்கும் பெட்ரோலுக்கும் முதல் நாள்ல இருந்தே வட்டி. 'ஐம்பது நாள் வட்டி இல்ல'ங்கிறதெல்லாம் முழுசா கட்டுறவனுக்குத்தான்.

கண் ஆபரேஷனை யாரும் எதிர்பார்க்க முடியாது, அது சரி. ஆனா மாசம் 10,000 அந்த லேப்டாப்புக்குப் போகாம இருந்திருந்தா, டிசம்பர் வரைக்குமே அவன் கையில 40,000 சேர்ந்திருக்கும். ஆபரேஷன் செலவு அப்படியே அடைஞ்சிருக்கும்.

'நோ காஸ்ட்' பத்தி ஒரு வார்த்தை. வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-ல சுற்றறிக்கை விட்டு வங்கிகளுக்கு இதைச் சொல்லியிருக்கு. இன்னைக்கு எப்படி நடக்குதுன்னா, வங்கி உங்களுக்கு 15% மாதிரி வட்டிக்குக் கடன் கொடுக்கும். அந்த வட்டி அளவுக்கு கம்பெனியோ கடையோ விலையில முன்கூட்டியே கழிச்சுடும். தம்பி கணக்குல 1,20,000-ல சுமார் 9,200 வட்டி. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி நீங்கதான் கட்டணும், 1,650 ரூபாய். அப்புறம் ப்ராசசிங் ஃபீஸ், அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் ரெண்டாயிரத்துக்குள்ள. உண்மையைச் சொன்னா இது பெரிய தொகை இல்ல. இதுக்காக நான் வீடியோ போட மாட்டேன். பெரிய தொகை எங்க இருக்குன்னா, கையில 30,000 கூட இல்லாத ஒருத்தனை 1,20,000 ரூபாய்ப் பொருளைப் பார்க்க வைக்குது பாருங்க, அங்க.

பார்த்தது பெரிசுதான். ஆனா தேவை? பால்டர்ஸ் கேட் 3-க்கு லேரியனே போட்ட பட்டியல் இருக்கு. குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு. பரிந்துரை 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். அப்பவே அது பழைய கார்டு. இன்னொண்ணு, இது முறைவைத்து ஆடுற கேம். துப்பாக்கி கேம்ல ஒரு நொடியில நூறுல ஒரு பங்கு தாமதம்னாலும் சுட்டுடுவான், அங்க வேகமான திரைக்கு அர்த்தம் இருக்கு. இங்க எதிரி உங்க முறை முடியுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். டீ குடிச்சிட்டு வந்து அடிக்கலாம். இதுக்கு எதுக்கு 165 ஹெர்ட்ஸ் திரை? 2023-ல 70,000 ரூபாய் சுத்தியே ஒரு லேப்டாப்புல அவனுக்கு இது தாராளமா ஓடியிருக்கும். கடைக்காரர் மேல தப்பில்ல, அவர் வேலை விக்கிறது. தம்பி ரெண்டு நாள் முன்னாடி போனான். ரெண்டு நாள்ல யாருக்கும் பேரம் பேச வராது.

இங்கதான் எனக்குக் கோபம் வந்தது. ஏன்னா அந்த கேம் வரப்போறது அவனுக்கு 2019-லயே தெரியும்! 2019 ஜூன்ல அறிவிச்சாங்க. 2020 அக்டோபர் 6-ஆம் தேதி 'ஏர்லி ஆக்சஸ்'ல முதல் அத்தியாயத்தை மட்டும் முழு விலைக்கு வித்தாங்க. முழு கேம் வர கிட்டத்தட்ட 34 மாசம் ஆச்சு. அறிவிப்புல இருந்து ரிலீஸ் வரைக்கும் நாலு வருஷம். இந்த நாலு வருஷமும் அவன் யூடியூப்ல ட்ரெய்லர் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். மாசம் 1,500 ரூபாய் தனியா வச்சிருந்தாக்கூட ரிலீஸ் அன்னைக்கு ரொக்கமா 70,000 இருந்திருக்கும்.

நம்ம வாழ்க்கையில வர்ற பெரிய செலவுல பாதி சொல்லாம வரும். ஆஸ்பத்திரி, வண்டி ரிப்பேர், வேலை போறது. ஆனா கேமோட அடுத்த பாகம் இருக்கே, அது மேடை போட்டு, பாட்டு போட்டு, வருஷக்கணக்குல முன்னாடியே சொல்லிட்டு வர்ற செலவு. அதுக்குப் போய் கடைசி நேரத்துல கடன் வாங்குறோம்னா, நாம தேதி தெரியாம வாங்கல, தேதி தெரிஞ்சே வாங்குறோம்.

இதை நான் சொல்லிக்கிட்டிருக்கும்போது தம்பி மெதுவா ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, அப்பா வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னாடி தண்டல் வாங்குறாரே, அது?"

வீடு அமைதியாயிடுச்சு.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். தண்டல்னா பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு கையில 9,000 கொடுப்பாங்க. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். கேட்க சின்னதா இருக்கும். தினமும் அசல் குறையுறதைச் சேர்த்துக் கணக்கு போட்டா வருஷத்துக்கு 75%-க்கு மேல வட்டி. தம்பியோட கிரெடிட் கார்டு 42%. சித்தப்பா தீபத்துக்கு மொத்தமா பூ எடுக்க இதை வாங்குறார், அஞ்சாறு பங்கு வாங்குவார். தீபம் எப்ப வரும்னு பஞ்சாங்கத்துல ஒரு வருஷம் முன்னாடியே போட்டிருக்கு. பௌர்ணமி கிரிவலம் மாசம் ஒண்ணு வருது, அன்னைக்கெல்லாம் நல்ல வியாபாரம். அந்தப் பன்னிரண்டு பௌர்ணமியில இருந்து ஒரு பங்கு எடுத்து வச்சா தீபத்துக்கு வெளிய கை நீட்ட வேண்டாம்.

நான் அதைச் சொல்லல. அந்த வீட்டுல அவரை நான் சித்தப்பான்னு கூப்பிடுறேன், சொல்லக்கூடாது. கணக்கை மட்டும் பில் புக்குல எழுதி அப்படியே வச்சேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்துட்டு, "அது வியாபாரம், இது விளையாட்டு"ன்னார். அதுலயும் நியாயம் இருக்கு. தண்டல் வாங்கின பூ வித்து லாபம் வரும், லேப்டாப் ஒரு பைசா சம்பாதிக்கல. ஆனா அதுக்கப்புறம் அவர் கத்தவும் இல்ல.

கார்டு பாக்கியை எப்படி முடிச்சோம்னா, சித்தி அடுப்படியில இருந்து வந்து ரெண்டு வளையலைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. ஒண்ணும் பேசல. கூட்டுறவு வங்கியில நகைக்கடன் போட்டு அன்னைக்கே கார்டை அடைச்சோம். கணக்கா பார்த்தா அதுதான் சரியான முடிவு, 42% கடனை அதுல கால்வாசி வட்டிக்கும் கீழ மாத்திட்டோம். ஆனா வெறுங்கையோட சித்தி காபி கொண்டு வந்து வச்சப்ப தம்பி எழுந்து வெளிய போயிட்டான். வளையலைத் திருப்ப ஏழு மாசம் ஆச்சு.

இப்ப அந்த கேம் கம்பெனி பக்கம் வாங்க. ஏன்னா இதுல உண்மையிலேயே கணக்கு தெரிஞ்சவன் லேரியன் முதலாளி ஸ்வென் வின்கேதான்னு நான் நினைக்கிறேன்.

1996-ல ஆரம்பிச்ச கம்பெனி. பல வருஷம் கையை வாயிக் கட்டித்தான் ஓடுச்சு. 2013-ல 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' கேமுக்கு கிக்ஸ்டார்ட்டர்ல ரசிகர்கள்கிட்ட பணம் கேட்டாங்க. 9,44,282 டாலர் சேர்ந்தது. 2014-ல கேம் வந்து ஓடுச்சு. அந்தக் காசை வச்சு அடுத்த பாகம். 2015-ல மறுபடி கிக்ஸ்டார்ட்டர், 20 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல. 2017-ல ரெண்டாம் பாகம் வந்து இன்னும் பெரிசா ஓடுச்சு. அதுல வந்த லாபத்துல பால்டர்ஸ் கேட் 3. நானூறு பேருக்கு மேல, ஆறு வருஷம். ஒவ்வொரு பாகமும் முந்தின பாகத்தோட லாபத்துல நின்னது. கம்பெனியில டென்சென்ட்டுக்கு 30% பங்கு இருக்கு, ஆனா முடிவு எடுக்கிற கை வின்கேயோடது.

முதல் ஒரிஜினல் சின் தோத்திருந்தா கம்பெனியே மிச்சம் இருந்திருக்காது, அந்த அளவுக்கு எல்லாத்தையும் வச்சு ஆடினாங்க. அதை நான் உங்களுக்குச் சிபாரிசு பண்ணல. அப்படி எல்லாத்தையும் வச்சுத் தோத்த கம்பெனிங்க பேரு நமக்குத் தெரியாது, அவங்களை யாரும் மேடையில கூப்பிட மாட்டாங்க. நான் பார்க்கச் சொல்றது அதுக்கப்புறம் நடந்ததை.

2023 டிசம்பர் 7, பால்டர்ஸ் கேட் 3-க்கு வருஷத்தோட சிறந்த கேம் விருது. எல்லாரும் எதிர்பார்த்தது என்ன? உடனே நாலாம் பாகம். பெயர் இருக்கு, ரசிகர்கள் இருக்காங்க, உத்தரவாதமான காசு. 2024 மார்ச்ல வின்கே மேடையில நின்னு சொன்னார்: நாலாம் பாகம் நாங்க பண்ணல, துணைக் கதையும் பண்ணல, எங்க சொந்தக் கதைக்குப் போறோம். பால்டர்ஸ் கேட் பெயர் லேரியனோடது இல்ல, ஹாஸ்ப்ரோவோட துணை நிறுவனம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்கிட்ட இருக்கு. நாலாம் பாகம் பண்ணினா அடுத்தவன் நிலத்துல இன்னொரு மாடி. டிவினிட்டி அவங்க சொந்த நிலம்.

சம்பளக்காரங்க இதுல கவனிக்க இன்னொண்ணு இருக்கு. அந்த விருது கொடுத்து நாலே நாள்ல, டிசம்பர் 11-ஆம் தேதி, ஹாஸ்ப்ரோ 1,100 பேரை வேலையை விட்டு அனுப்புறதா அறிவிச்சாங்க. பால்டர்ஸ் கேட்டுக்காக முதன்முதலா உட்கார்ந்து பேசின ஆட்கள்ல அங்க இப்ப கிட்டத்தட்ட யாருமே இல்லன்னு வின்கேயே வெளிப்படையா எழுதினார். அந்தப் பெயர் நல்லா சம்பாதிச்ச வருஷத்துலயே இது நடந்தது. உங்க ப்ராஜெக்ட் ஹிட் ஆனா உங்க வேலை பத்திரம்னு நினைக்கிறவங்க இந்த நாலு நாளை ஞாபகம் வச்சுக்கோங்க. ஆறு மாசச் செலவுக்கான பணத்தைத் தனியா வைக்காம கேமிங் லேப்டாப்புக்குச் சேர்க்க ஆரம்பிக்காதீங்க. முதல்ல அது, அப்புறம் இது.

சரி, டிவினிட்டிக்கு என்ன பண்றது?

முன்பதிவு வந்தா கட்டாதீங்க. கேம் டவுன்லோடுல வர்றது, பொங்கல் டிக்கெட் மாதிரி தீர்ந்து போகாது. ஏர்லி ஆக்சஸ் வந்தா, அது கட்டி முடிக்காத அபார்ட்மென்ட்ல அட்வான்ஸ் போடுற மாதிரிதான். லேரியன் சொன்னபடி சாவியைக் கொடுத்தாங்க, எல்லாரும் கொடுக்கிறதில்ல. இன்னும் ஒரு விஷயம்: ஸ்டீம்ல வாங்கின 14 நாளுக்குள்ள, ஆடினது ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனா இந்த மாதிரி கேம்ல நாயகனோட மூக்கையும் முடியையும் சரிபண்ணவே ஒரு மணி நேரம் ஓடிடும், தம்பி ஒண்ணேகால் மணி நேரம் எடுத்தான். அதனால நம்ம மெஷின்ல ஓடுதான்னு முதல்ல பாருங்க, மூக்கை அப்புறம் பார்த்துக்கலாம். அப்புறம், நீங்க வாங்குறது கேமை இல்ல, அதை ஆடுறதுக்கான உரிமத்தை. ஸ்டீமே 2024 அக்டோபர்ல இருந்து பணம் கட்டுற பக்கத்துல இதை எழுதிப் போடுறாங்க. அதனால "அண்ணா, என் லைப்ரரியில 40,000 ரூபாய்க்கு கேம் இருக்கு"ன்னு சொத்துக் கணக்குல சொல்லாதீங்க, அது செலவான காசு.

புது கேமுக்குக் காத்திருக்கிற நேரத்துல பழையதை ஆடுங்க. டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 தள்ளுபடியில அடிக்கடி பாதி விலைக்கும் கீழ வருது, நூறு மணி நேரம் ஓடும். தம்பியோட பழைய ஆபீஸ் லேப்டாப்புலயே அது தட்டுத் தடுமாறி ஓடியிருக்கும்னு இப்ப சொல்றான். இப்ப சொல்லி என்ன பண்றது.

மெஷின் விஷயத்துல ஒரு எதிர்வாதம் இருக்கு, மறைக்க விரும்பல. 2025 கடைசியில இருந்து ரேம் விலை கடுமையா ஏறியிருக்கு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே எல்லாம் போகுது. "இப்ப வாங்கலைன்னா இன்னும் ஏறும் சார்"னு கடையில சொல்வாங்க. ஏறலாம். ஆனா ரிலீஸ் தேதி இல்லாத, எவ்வளவு ரேம் வேணும்னு இன்னும் சொல்லாத ஒரு கேமுக்கு எந்த மெஷின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? உங்ககிட்ட இருக்கிறது வேலை செஞ்சா அதை ஓட்டுங்க.

பணத்துக்கு, நம்ம ஊர் வழிதான். தீபாவளிக்குப் பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, நகைச் சீட்டு எல்லாம் எதுக்குப் போடுறோம்? தேதி தெரிஞ்ச செலவுக்கு. கேமுக்கும் ஒண்ணு போடுங்க. ஆனா தெருவுல பதிவு இல்லாம நடத்துறவங்ககிட்ட வேண்டாம், தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். வங்கி ஆப்லயே ஆர்டி திறக்கலாம். தபால் ஆபீஸ் ஆர்டி நல்லதுதான், ஆனா அது அஞ்சு வருஷம். இதுக்கு வங்கியில 24 இல்ல 30 மாசம் போதும். மாசம் 3,000, 30 மாசம், 6.5% கிடைச்சா முடிவுல 97,000-ஐத் தாண்டும். வட்டிக்கு வரி உண்டு, உங்க ஸ்லாபுக்கு ஏத்த மாதிரி ரிட்டர்ன்ல காட்டுங்க. மியூச்சுவல் ஃபண்டுல போடலாமான்னு கேட்பீங்க. ரெண்டு மூணு வருஷத்துல எடுக்கப்போற காசுக்கு ஷேர் மார்க்கெட் வேண்டாம். ரிலீஸ் அன்னைக்கு மார்க்கெட் விழுந்து கிடந்தா டிவினிட்டியைத் திட்டுவீங்களா, என்னைத் திட்டுவீங்களா?

அன்னைக்கு டிசம்பர் 12 சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனேன். தீப வியாபாரம் முடிஞ்ச களைப்புல சித்தப்பா ஈஸி சேர்ல சாய்ஞ்சிருந்தார். இந்த வருஷம் தண்டல் ரெண்டு பங்குதான் வாங்கினாராம். ஏன் அதுவும்னு நான் கேட்கல. தம்பி போன்ல ஆர்டி திறந்ததைக் காட்டினான், மாசம் 3,000, 30 மாசம். ஆப்ல பெயர் வைக்கச் சொல்லும்ல, அதுல 'வளையல்'னு போட்டிருந்தான்.

சித்தப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அந்த ஆட்டம் என்னைக்கு வருதாம்?"

"தேதி சொல்லலப்பா."

"தேதி சொல்லலையா? பஞ்சாங்கத்துல தீபத்துக்கே தேதி போட்டுடுறான். இவனுங்க என்ன கம்பெனி நடத்துறானுங்க?"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டார்.